ஜடேஜாவைக் கொடுத்துச் சம்சனை வாங்கியது சரியா? மாற்று வியாபாரத்தில் பார்க்க வேண்டிய கணக்கு



வியாபாரப் பத்தியில் கிரிக்கெட் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் 2025 நவம்பரில் சென்னை சுப்பர் கிங்ஸ் அணிக்கும் ராஜஸ்தான் றோயல்ஸ் அணிக்கும் இடையில் நடந்த கொடுக்கல் வாங்கல், விளையாட்டுச் செய்தி என்பதைவிட வியாபாரச் செய்தி என்றே எனக்குப் படுகின்றது. பலாபத்வலயில் தேநீர்க் கடையிலும், மிளகு நிறுக்கும் தராசுக்குப் பக்கத்திலும் இதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. "சென்னை ஏமாந்துவிட்டது" என்கிறது ஒரு கட்சி. "வயது போனவரைக் கொடுத்து வாலிபரை வாங்கியது கெட்டித்தனம்" என்கிறது மறு கட்சி. இரண்டு தரப்பும் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எண்ணுகின்றன. கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, அந்த வித்தியாசத்தை யார் சுமந்தார் என்பதை எண்ணியவர்கள் குறைவு.

நமது தொழிலிலும் மாற்று வியாபாரம் தினமும் நடக்கின்றது. பழைய லொறியைக் கொடுத்துப் புதியதை எடுக்கிறோம். கடையைக் கொடுத்துக் காணியை எடுக்கிறோம். காசு கைமாறாத பேரத்தில் நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன?

2025 நவம்பர் 15ஆம் திகதி இந்தப் பரிமாற்றம் அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தான் அணியின் தலைவராக இருந்த சஞ்சு சம்சன், தனது 18 கோடி இந்திய ரூபா ஊதியத்துடனேயே சென்னைக்குச் சென்றார். சென்னைக்குப் 12 பருவங்கள் விளையாடிய ரவீந்திர ஜடேஜாவும், இங்கிலாந்து வீரர் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். கரனின் ஊதியம் 2.4 கோடி. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியாக இருந்தது. இந்தப் பேரத்தின் பகுதியாக அது 14 கோடியாகக் குறைக்கப்பட்டது.

மார்க்கம் சார்ந்த ஒரு விளக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீரரை விற்றார்கள், வாங்கினார்கள் என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், சுதந்திரமான மனிதன் விற்பனைப் பொருளல்ல. கைமாறுவது அவரது உழைப்புக்கான ஒப்பந்தம். நமது சட்ட நூல்களில் இஜாரா என்று சொல்லப்படும் கூலி ஒப்பந்தத்தின் இனத்தைச் சேர்ந்தது இது. அதனால் வீரரின் சம்மதம் இல்லாமல் பரிமாற்றம் நடக்காது. இதே ஜடேஜா, 2010இல் ராஜஸ்தானுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் தானாகவே பேரம் பேசியதற்காக ஒரு பருவம் முழுவதும் ஐ.பி.எல். போட்டிகளில் விளையாடத் தடை செய்யப்பட்டவர். ஒரு பேரம் முடியுமுன் அதன் மேல் இன்னொரு பேரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். சந்தை ஒழுங்கு எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் கேள்வி: காசாக மாற்றினால் எவ்வளவு?

சென்னையின் பக்கத்தைப் பாருங்கள். ஜடேஜாவுக்கு 18, கரனுக்கு 2.4, மொத்தம் 20.4 கோடி ஊதியப் பொறுப்பு வெளியே போனது. சம்சனின் 18 கோடி உள்ளே வந்தது. சென்னைக்கு 2.4 கோடி மிச்சம்.

இப்போது ராஜஸ்தான். சம்சனின் 18 கோடி வெளியே போனது. ஜடேஜாவின் 14, கரனின் 2.4, மொத்தம் 16.4 கோடி உள்ளே வந்தது. ராஜஸ்தானுக்கு 1.6 கோடி மிச்சம்.

இரண்டு பக்கமும் மிச்சம்! கொடுத்தவருக்கும் இலாபம், எடுத்தவருக்கும் இலாபம் என்று இதைப் பார்த்துச் சந்தோசப்படுபவர்கள் உண்டு. ஆனால் 2.4ஐயும் 1.6ஐயும் கூட்டிப் பாருங்கள். சரியாக 4 கோடி. ஜடேஜாவின் ஊதியத்தில் குறைந்த தொகையும் அதே 4 கோடிதான். இரண்டு முதலாளிமார் பங்கிட்டுக்கொண்ட மிச்சம் வானத்திலிருந்து விழவில்லை. மூன்றாவது ஆளின் சட்டைப் பையிலிருந்து வந்தது. அவர் சம்மதித்துத்தான் கொடுத்தார், அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் இலாபம் என்று யாராவது ஒரு பேரத்தை உங்களிடம் கொண்டு வந்தால், அந்த இலாபத்தைக் கட்டுகின்ற மூன்றாவது ஆள் யார் என்று முதலில் தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது நீங்களாகவே இருக்கலாம்.

காசாக மாற்றிப் பார்க்கும் இந்த வழி நமக்குப் புதியதல்ல. கைபரிலிருந்து உயர்ந்த ரகப் பேரீச்சம்பழம் கொண்டு வந்தவர்கள், தாழ்ந்த ரகத்தில் இரண்டு பங்கைக் கொடுத்து இதில் ஒரு பங்கை வாங்கியதாகச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். தாழ்ந்ததைக் காசுக்கு விற்று, அந்தக் காசால் உயர்ந்ததை வாங்குமாறு வழிகாட்டினார்கள். பேரீச்சம்பழம், தங்கம், வெள்ளி போன்ற குறிப்பிட்ட பொருட்களில் இது மார்க்கச் சட்டம். பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை எடுக்கும்போது நமது நகைக்கடைச் சகோதரர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். விபரத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். லொறிக்கும் கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் அந்த வழிகாட்டலில் உள்ள வியாபார ஞானம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே விலை போட்டால்தான் யார் எவ்வளவு கொடுக்கிறார் என்று தெரியும்.

இரண்டாவது கேள்வி: யாருக்கு எது தேவை?

ஒரே பொருளுக்கு இரண்டு கடைகளில் இரண்டு பெறுமதி இருக்கலாம். 2025 போட்டியில் சென்னை பத்து அணிகளில் பத்தாவது இடம், ராஜஸ்தான் ஒன்பதாவது. இரண்டு கடையிலும் வியாபாரம் படுத்திருந்தது. பேரம் நடந்தபோது சென்னையின் விக்கெட் காப்பாளர் தோனிக்கு 44 வயது. அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ஆரம்பத் துடுப்பாட்டத்திலும் குறை இருந்தது. சம்சன் இரண்டு இடத்தையும் நிரப்பக்கூடியவர்.

ராஜஸ்தானிலோ ஆரம்பத் துடுப்பாட்ட வீரர்கள் நிறைந்திருந்தார்கள். 2025இல் சம்சன் காயப்பட்டிருந்தபோது ஜைஸ்வாலுடன் இறங்கிய சிறுவன் வைபவ் சூர்யவன்ஷி, ஏப்ரல் 28ஆம் திகதி குஜராத் அணிக்கு எதிராக 35 பந்துகளில் சதம் அடித்தார். அவரை எடுத்த விலை 1.1 கோடி மட்டுமே. 1.1 கோடிச் சரக்கு அதே இறாக்கையில் நன்றாக ஓடும்போது 18 கோடிச் சரக்கின் தேவை குறைந்துவிடும். அத்துடன் சம்சன் அணியை விட்டு விலக விரும்புவதாகவும் செய்திகள் பரவலாக வந்திருந்தன. போக நினைப்பவரைப் பிடித்து வைத்தால் நாளுக்கு நாள் பெறுமதி குறையும். ஈரமான மிளகைக் கூடுதல் விலை வரும் என்று மூட்டையில் கட்டி வைப்பதற்கு ஒப்பானது அது.

ஆக, ஒருவரின் மேலதிகம் மற்றவரின் குறையை நிரப்பியது. மாற்று வியாபாரத்துக்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. இரண்டு பக்கத்தில் ஒன்றுக்காவது இந்தக் காரணம் இல்லையென்றால் அந்தப் பேரம் வெறும் ஆசையில் நடக்கும் பேரம்.

மூன்றாவது கேள்வி: எஞ்சிய காலம் எவ்வளவு?

பேரம் நடந்தபோது சம்சனுக்கு வயது 31. ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது. இன்றைய விளைச்சலைப் பார்த்தால் ஒரு விலை. எஞ்சிய வருடங்களைப் பார்த்தால் இன்னொரு விலை. ஆறு வருட வித்தியாசத்துக்காகத்தான் சென்னை மேலதிகமாகக் கரனையும் கொடுத்தது. நாமும் ஒரு கடையை மாற்றும்போது குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம், கீ மணி திரும்பக் கிடைக்குமா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே கணக்குத்தான்.

நான்காவது கேள்வி: வெளியே போனதன் இடத்தை யார் நிரப்புவது?

சென்னையின் பேரத்தில் கடுமையான பகுதி இதுதான். ஜடேஜா ஒரு ஆள் அல்ல. பந்துவீச்சு, துடுப்பாட்டம், களத்தடுப்பு என்று மூன்று வேலை செய்பவர். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தவரும் அவரே. அந்த இடம் காலியானது. 2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு இன்னும் விளையாடாத பிரஷாந்த் வீர் என்ற இளம் இடதுகைச் சுழல்பந்துச் சகலதுறை வீரரைச் சென்னை 14.2 கோடி கொடுத்து எடுத்தது.

பேரத்தில் மிச்சம் 2.4 கோடி. ஓட்டையை அடைக்கச் செலவு 14.2 கோடி. ராஜஸ்தானில் ஜடேஜாவின் புதிய ஊதியமோ 14 கோடி. அனுபவசாலிக்கு அங்கே கொடுபடும் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகப் புதியவருக்கு இங்கே கொடுபடுகின்றது. எதிர்காலத்துக்கான முதலீடு என்று சென்னை சொல்லலாம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் பேரத்தின் விலையை எழுதும்போது இந்தச் செலவையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: பேரத்தில் இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது?

இந்தக் கேள்வி நமது நாட்டவருக்கு நெருக்கமானது. ஓர் அணியில் எட்டு வெளிநாட்டவர் மட்டுமே இருக்கலாம். ராஜஸ்தானில் அந்த எட்டு இடமும் ஏற்கனவே நிரம்பியிருந்தன. கரனை உள்ளே எடுக்க வேண்டுமென்றால் யாராவது வெளியே போக வேண்டும். நமது வனிந்து ஹசரங்கவும் மஹீஷ் தீக்ஷனவும் விடுவிக்கப்பட்டார்கள். ஒருவர் 5.25 கோடிக்கும் மற்றவர் 4.4 கோடிக்கும் எடுக்கப்பட்டவர்கள். ஜடேஜா வந்த பிறகு சுழல்பந்துக்காரர் இத்தனை பேர் எதற்கு என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். ஹசரங்கவைப் பின்னர் ஏலத்தில் லக்னோ அணி 2 கோடிக்கு எடுத்தது. பேச்சுவார்த்தை மேசையில் அவர் பெயர் இல்லை. ஆனால் பேரத்தின் விலையில் ஒரு பகுதியை அவரும் கட்டினார்.

சிறிய கடைகளில் இது அப்படியே நடக்கின்றது. முதலாளி ஒரு பெரிய இயந்திரத்தை எடுக்கிறார். இரண்டு வேலையாட்கள் நிற்கிறார்கள். பெரிய வாகனம் வருகின்றது. இதுவரை வாடகைக்கு ஓடிய பக்கத்து வீட்டுத் தம்பியின் பிழைப்புப் போகின்றது. இப்படிச் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு செய்யுங்கள், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சந்தையைக் கேட்காத பேரம்

மாற்று வியாபாரம் பிழைத்துப்போன கதைக்கு அமெரிக்காவின் கூடைப்பந்தாட்டத்தைப் பார்க்கலாம். 2025 பெப்ரவரி ஆரம்பத்தில் டலஸ் மெவரிக்ஸ் அணி, 25 வயதான லூகா டொன்சிச்சை லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து, 31 வயதான அந்தனி டேவிஸையும், இன்னொரு வீரரையும், 2029இல் ஒரு புதிய வீரரைத் தெரிவு செய்யும் உரிமையையும் எடுத்தது. அதற்கு முந்திய வருடம்தான் டொன்சிச் அந்த அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போயிருந்தார். இந்தப் பேரத்தை இரு அணி முகாமையாளர்களும் மிக இரகசியமாகப் பேசி முடித்தார்கள். வேறு அணிகளிடம் டலஸ் பரவலாகக் கேட்டுப் பார்க்கவில்லை. டேவிஸ் புதிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். இரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே வருடம் நவம்பரில் முகாமையாளர் நிக்கோ ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார்.

காயம் அல்லாஹ்வின் ஏற்பாடு. அதை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. குறை இருந்தது வேறிடத்தில். தன் கையிலிருந்த பொருளுக்கு மற்றவர்கள் என்ன தருவார்கள் என்று பரவலாகக் கேட்காமலே பேரம் முடித்தார். ஒரு மூட்டை கராம்பைக்கூட இரண்டு பேரிடம் விலை கேட்காமல் நாம் கொடுப்பதில்லை. மஷூரா என்று நாம் சொல்லும் கலந்தாலோசனையும் அங்கே இல்லை.

பேரத்தை மதிப்பிடும்போது இன்னொரு நியாயத்தையும் கடைப்பிடிக்க வேண்டும். பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளக்கக்கூடாது. அன்று கையிலிருந்த தகவலை வைத்தே அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் என் முடிவு இது: ராஜஸ்தானுக்கு இந்தப் பரிமாற்றம் தெளிவாகவே நல்லது. சென்னைக்குத் தேவையானது கிடைத்தது, ஆனால் ஓட்டையை அடைக்கும் செலவோடு பார்த்தால் விலை அதிகம். 'ஏமாந்தது' என்பது மிகை. 'மலிவாக வாங்கியது' என்பதும் மிகை.

நமது ஊர்க் கணக்கு ஒன்று

இந்த ஐந்து கேள்விகளையும் நான் எழுதக் காரணம் கிரிக்கெட் அல்ல. பலாபத்வலயில் மிளகு, சாதிக்காய் வாங்கும் ஒரு சகோதரருக்கு அண்மையில் ஒரு யோசனை வந்தது. அவரிடம் கடன் இல்லாத பழைய லொறி இருக்கின்றது. இன்னொருவரிடம் லீசிங்கில் எடுத்த புதிய லொறி. பழையதையும் கொஞ்சக் காசையும் கொடுத்தால் புதியது. மிச்சத் தவணைகளை இவரே கட்ட வேண்டும். காசுக்கு மனைவியின் நகையை விற்க நினைத்திருந்தார். கணக்கைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார். எண்களை இலகுவாக்கித் தருகின்றேன்.

பழைய லொறியின் சந்தை விலை 42 இலட்சம். கேட்ட காசு 6 இலட்சம். எஞ்சிய தவணை மாதம் 90,000 வீதம் 36 மாதம், அதாவது 32.4 இலட்சம். மொத்தம் 80.4 இலட்சம் கொடுத்து, 75 இலட்சம் பெறுமதியான லொறியை எடுக்கிறார். வித்தியாசம் 5.4 இலட்சம்.

அந்த 5.4 எங்கிருந்து வந்தது? இன்றே கடனை மொத்தமாகத் தீர்த்தால் லீசிங் நிறுவனத்துக்கு 27 இலட்சம் போதும். தவணையாகக் கட்டினால் 32.4. ஆக அந்த 5.4 இலட்சம் முழுவதும் வட்டி. "42உம் 6உம் கொடுத்து 75 இலட்ச வண்டி" என்று சொல்லப்பட்ட கதைக்குள் ஒளிந்திருந்தது அதுதான். வட்டியிலிருந்து தப்பி நிற்க முயலும் ஒரு முஸ்லிம் வியாபாரி, தான் எடுக்காத கடனின் வட்டியைத் தன் கையால் சுமக்கப் பார்க்கிறார்.

அத்துடன் கடன் தீரும்வரை வாகனப் பதிவில் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம். அந்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வாகனத்தை மாற்றிக்கொண்டால், காசு போன இடம் ஒன்று, உரிமை இருக்கும் இடம் வேறொன்று. 'ஓப்பன் பேப்பர்' என்று நமது பகுதிகளில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களால் எத்தனை குடும்பங்கள் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

கடனைப் புறம்பாக்கிவிட்டுப் பார்த்தால் உண்மையான கேள்வி தெளிவாகும். 75க்கும் 42க்கும் வித்தியாசம் 33 இலட்சம். அந்த 33 இலட்சத்துக்குப் புதிய லொறி மேலதிகமாக என்ன வேலை செய்யும்? அவருடைய சரக்கு பழைய லொறியிலேயே அடங்குகின்றது. அறுவடை உச்சத்தில் சில நாட்களுக்கு மட்டும் இடம் போதாது. அந்த நாட்களில் ஊரில் வாடகைக்கு லொறி கிடைக்கின்றது. மிளகு வரத்து வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தவணையோ மாதம் தவறாமல் ஒரே திகதியில் வரும். வாகன விலையும் நம் கையில் இல்லை. 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வாகனங்களின் விலை எங்கே போனது, 2025இல் மீண்டும் திறந்தபோது சந்தை எப்படி அசைந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். இன்றைய 75 நாளையும் 75 ஆக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

ஆகவே நான் சொன்ன ஆலோசனை இதுதான்: இந்த வடிவத்தில் வேண்டாம். பெரிய லொறி கட்டாயம் என்று தொழில் கேட்டால், மறுபக்கத்துக்காரர் முதலில் தன் கடனைத் தீர்த்து உரிமையைச் சுத்தமாக்கட்டும். பழைய லொறிக்கு வெளியில் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இரண்டு வாகனத்தையும் தனித்தனி விலை போட்டு, தனித்தனிப் பத்திரம் எழுதி, சாட்சிகளோடு முடியுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுவதை வியாபாரிகள் மறக்கலாகாது. அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

இறுதியாக ஒரு வார்த்தை. கிரிக்கெட் பரிமாற்றங்களை வாதிடுவதில் தவறில்லை. கணக்குப் படிக்க அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அந்த வாதம் பந்தயம் கட்டுவதில் போய் முடிந்தால் அது சூது. நமது இளைஞர்களின் கைத்தொலைபேசியில் அந்த வாசல் இன்று திறந்தே கிடக்கின்றது. கடையில் நிற்கும் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசுவதும் முதலாளியின் பொறுப்புத்தான்.

உங்களிடம் ஒரு மாற்றுப் பேரம் வந்தால் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் கொடுப்பதெல்லாம், மறு பக்கத்தில் வருவதெல்லாம். கடன், காலம், ஓட்டையை அடைக்கும் செலவு எல்லாவற்றையும் ரூபாவில் எழுதுங்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து, வீட்டாரோடும் அனுபவமுள்ள ஒருவரோடும் பேசி, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.